வாசனை நின்ற காலை

விடியும்போதே அந்த ஊருக்கு ரோஜா வாசனை வந்துவிடும். ஆலைச் சுவரின் உச்சியில் வரிசையாக வைத்திருந்த தெளிப்பான்கள் 'உஸ்' என்று மூச்சுவிட, பனியோடு பனியாக அது இறங்கித் தெருவெல்லாம் பரவும். ஜன்னல் வழியே நுழைந்து தூங்குகிறவர்களின் தலையணையில் உட்காரும். எழுந்தவர்கள் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு பல் தேய்ப்பார்கள். பக்கத்து வீட்டோடு சண்டை போடக் கிளம்பியவர்கள்கூட, எதற்கு வந்தோம் என்பது மறந்து பாதியில் திரும்பிவிடுவார்கள்.

ரோஜாச் செடி அந்த ஊரில் மருந்துக்குக்கூடக் கிடையாது. சாய ஆலையின் கழிவு, ஊருக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. முன்பொரு சமயம் ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆலை வாசலில் போய் நின்றார்கள். கம்பெனி யோசித்தது. தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட மூக்கைச் சமாதானம் செய்வது மலிவு. தெளிப்பான்கள் வந்தன. 'ஊருக்கு எங்கள் அன்பளிப்பு' என்று போர்டும் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நாமும் அங்கே இருந்திருந்தால் தட்டியிருப்போம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த வாசனையைக் கலப்பவளை ஆலையில் எல்லோரும் மோப்பக்கா என்பார்கள். ஜன்னல் இல்லாத வெள்ளை அறை அவளுடையது. ஒவ்வொரு புட்டியிலும் காகிதப் பட்டையை நனைத்து முகர்வாள். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். அப்போது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்வதுபோல, தன் முழங்கையின் உள்மடிப்பை முகர்ந்துகொள்வாள். சொந்தத் தோலின் வாசனை யாருக்கும் தெரியாது. அதை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

நெடுநாள் ஏங்கிய பிறகு அவள் இப்போது உண்டாகியிருந்தாள். ஒருநாள் வழக்கம்போல முழங்கையை முகர்ந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோலில் கால்வாய் நாறியது. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். குழாய்த் தண்ணீர் பட்டதும் நாற்றம் கூடியது.

வீட்டின் முன்பக்கமே அவள் கணவனின் சலவைக்கடை. ஆலைத் தொழிலாளர்களின் சீருடையெல்லாம் அவனிடம்தான் வரும்.

"என்னங்க, நம்ம தண்ணி நாறுதுங்க. உங்க கையும் நாறுது. என் மேலயும் அதே நாத்தம்."

அவன் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தான். "ரோஜாதான் அடிக்குது. மசக்கைன்னா அப்படித்தான். எங்கக்கா சுவத்துச் சுண்ணாம்பு வேணும்னு அடம்பிடிச்சா. உனக்கு மூக்கு. விடு."

"உங்க விரல்ல தோல் உரியுதே, அதுவும் மசக்கையா?"

அவன் சிரித்தான். அந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "வாம்மா. ரெண்டாவது ஆலைக்கு அனுமதி கேட்டிருந்தோம்ல, நாளைக்குக் காலையில ஆபீசருங்க ஊரைப் பார்க்க வர்றாங்க. வாசனையைக் கொஞ்சம் தூக்கலாக் கலந்துடு. ஆளுங்க அப்படியே சொக்கிப் போகணும்."

"சார், கால்வாய்த் தண்ணி நிலத்துல இறங்கிக் குழாய்ல வருது. புள்ளத்தாச்சி நான் அதைத்தான் குடிக்கிறேன்."

"அதான் உனக்கு மேட்டுல கம்பெனி வீடு ஒதுக்கச் சொல்லியிருக்கேன். என் வீட்டுக்குப் பக்கத்து வீடு."

"உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து சார் வருது?"

மேனேஜர் பேனாவை மூடித் திறந்தார். "லாரியில வருது, வெளியூர்லேருந்து. உனக்கும் தரச் சொல்றேன்."

மாலையில் நடந்து வரும்போது அந்த மேட்டு வீடு அவள் கண்ணுக்குள் மிதந்தது. பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. வெள்ளைத் திரைச்சீலை, தொட்டில், சுத்தமான தண்ணீர். கீழே ஊர் முழுவதும் அவள் கலந்த ரோஜாவைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. தூக்கத்திலேயே நோய்வாய்ப்படுகிறது. அந்த நினைப்போடுதான் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"நாளைக்கு நான் வாசனை வைக்கப்போறதில்லை" என்றாள் கணவனிடம்.

"உன் வேலையும் போகும், சீருடை ஆர்டரும் போகும். ரெண்டு பேர் பொழப்பும் அவங்க கையிலதான் இருக்கு." அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "சரி, ஒருநாள் காலையில பார்த்துருவோம். நாறலைன்னா அது மசக்கை. நாறினா நான் உன் பக்கம்."

விடியற்காலையில் அவள் தெளிப்பான்களுக்கான தொட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றினாள். தெளிப்பான்கள் வழக்கம்போல மூச்சுவிட்டன. மெல்ல மெல்ல, வாசனை விலகிய இடத்தில் நாற்றம் எழுந்து தெருத்தெருவாக நடந்தது. ஊர் கனவிலிருந்து புரண்டு எழுந்தது. ஒருவர் எலி செத்துவிட்டதென்று கட்டிலுக்கடியில் தேடினார். இரண்டு வீட்டுக்காரர்கள் உன் சாக்கடை, என் சாக்கடை என்று மல்லுக்கு நின்றார்கள். குழந்தைகள் வீறிட்டு அழுதன. சலவைக்காரன் வாளியை முகர்ந்து பார்த்துத் தெருவில் கவிழ்த்தான். நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போன கூட்டம் கால்வாய்க் கரையில் போய் நின்றது. தண்ணீர் ஊதா நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. அதிகாரிகளின் காரும் அங்கேதான் வந்து நின்றது.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னம்மா கலந்து தொலைச்ச?"

"ஒண்ணுமே கலக்கலை சார். இதுதான் நம்ம ஊரு."

சலவைக்காரன் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்து, தோல் உரிந்த இரண்டு கைகளையும் அதிகாரிகளின் முன் விரித்துக் காட்டினான். அவனைப் பார்த்துவிட்டு இன்னொருவரும் தன் கைகளை நீட்டினார். ஒரு தாய் குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகுப் புண்ணைக் காட்டினாள். அதிகாரிகள் ஆலையைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்தார்கள்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "உன் வேலை போச்சு. வீடும் போச்சு. பொறக்கப்போற பிள்ளையை நெனச்சுப் பார்த்தியா?"

"அதை நெனச்சுத்தான் சார் செஞ்சேன்" என்றாள் அவள், கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி. "கம்பெனி இனாமா ஒண்ணு குடுத்தா, அது எதை மறைக்கக் குடுக்குதுன்னு முதல்ல கேக்கணும். நாம கேக்கலை, தூங்கிட்டோம். என் பிள்ளைக்கு நாத்தம் அடிச்சா அழத் தெரியணும் சார். சிரிச்சுக்கிட்டே விஷம் குடிக்கிற ஊர்ல அது பொறக்க வேண்டாம்."