ரோதை முனிக்கு எந்தப் பாணி?

கண்டி மலையில், ஹுன்னஸ்கிரியவில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையை, தோட்டத்தார் பேச்சில் ஸ்டோரை, வாங்கிக் கல்யாண மண்டபமாக்க இருளப்பன் தீர்மானித்தபோது, இந்தியாவின் எந்தக் கட்டடப் பாணியில் கட்டப்போகிறீர்கள் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வக்கில்லாதவன் வேலை என்பது இருளப்பனின் கொள்கை. ஆகவே எல்லாப் பாணியிலும் கட்டினார்.

முகப்புக்குத் திராவிடக் கோபுரம். அதிலிருந்த தேவர், அசுரர் அத்தனை பேருக்கும் ஒரே அச்சில் ஊற்றிய சீமெந்து முகம். நடு மண்டபத்தின் மேல் வெள்ளைவெளேரென்று முகலாயக் குவிமாடம். சாப்பாட்டுக் கூடத்துக்கு, வாழைப்பூவை நிமிர்த்தி வைத்தது மாதிரி வடநாட்டு நாகரச் சிகரம். மாடிப்படிக்கு, வெள்ளைக்காரனும் மகாராஜாக்களும் கூட்டாகப் பெற்றெடுத்த இந்தோ-சரசெனிக் வளைவுகள். கழிப்பறைக்குக் காந்தாரத் தூண்கள். தண்ணீர்த் தாங்கியைச் சாஞ்சி ஸ்தூபி வடிவில் எழுப்பச் சொன்னபோதுதான், திகனயிலிருந்து வந்த கட்டடக் கொந்தராத்துக்காரர் ரஸீன் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது மட்டும் வேணாம் முதலாளி. நானும் நீங்களும் பௌத்தங்களுக்கு நடுவுல, இந்தக் கண்டியிலதான் இரிக்கோணும்."

இத்தனை ஆடம்பரமும் மகள் டிலானிக்காக. கட்டுகஸ்தோட்டைப் புடைவை வியாபாரி இராமையாவின் மகன் ரமேஸுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். முதல் சந்திப்பிலேயே இராமையா, தம் பாட்டனார் மதுரையில் முத்தும் பட்டும் விற்றவர் என்றும், தோட்டத்து லயன் வீடுகளில் கிடக்கும் கூலிச் சனத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை என்றும் சொல்லிவிட்டார். இருளப்பனின் வாய் தானாகத் திறந்தது.

"நாங்களும் அப்படித்தாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் கட்டின ஸ்தபதி பரம்பரை."

உண்மையில் அவருடைய அப்பா மூக்கன் இதே ஸ்டோரில் ரோதை ஓட்டியவர். ரோதை என்பது பச்சைக் கொழுந்தைக் கசக்கிப் பிழியும் இரும்பு யந்திரம். ஒவ்வொரு ரோதைக்குள்ளும் ஒரு முனி இருக்கிறார். அவருக்குக் கோயில் இல்லை, சக்கரமே வீடு. காலையில் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்த பிறகுதான் பொத்தானை அமுக்குவார்கள். மறந்தால் ஒரு விரலாவது கேட்பார்.

ரோதைகள் பழைய இரும்புக்குப் போயின. அவற்றின் காலடியில் நின்ற கல்லும் சூலமும் இடிபாட்டோடு லொறியேறின. முனியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குவிமாடம் மூடிய மறுநாள் காலை, வெறும் மண்டபத்தில் அந்தச் சத்தம் எழுந்தது. ஈரக் கொழுந்து அரைபடுகிற கரகரப்பு. கூரை இல்லாத வரைக்கும் மலைக்காற்று அதைத் தின்றிருக்க வேண்டும். முகலாயக் கலையோ அதைச் சேர்த்துப் பெருக்கித் திருப்பித் தந்தது. மாடிப்படி வளைவுகளில் அதுவே கூட்டமாகக் குசுகுசுப்பது போலக் கேட்டது. பளிங்குத் தரை உள்ளங்காலில் அதிர்ந்தது. குவிமாடத்தின் உட்புறத்தில் பால் விடாத சாயத்தண்ணியின் நிறத்தில் ஒரு வட்டம் படர்ந்தது. வெள்ளையடிக்க அடிக்க மேலே வந்தது.

"முனிக்கு ஒரு கோயில் கட்டிடுவோம்" என்றார் இருளப்பன். எந்தப் பாணியில் என்று கொஞ்ச நாள் தவித்து, கடைசியில் பின்வாசலில் சோழர் விமானம் ஒன்றை எழுப்பிப் பித்தளைக் கலசம் வைத்தார். விடிந்து பார்த்தால் கலசத்தைக் காணோம். அது குவிமாடத்துக்கு நேர்கீழே இருந்தது. உள்ளே அப்போதுதான் கசக்கிய கொழுந்து, தொட்டால் இளஞ்சூடு. சுற்றிலும் தேயிலை காடாகிப்போய், கொழுந்து கிள்ள ஆளே இல்லாத மலை அது.

மனைவி சந்திரிகா கலசத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "அவருக்கு எதுக்குங்க வீடு? காலமெல்லாம் வேலதான் பாத்தாரு. வேல முடிஞ்சிருச்சுனு யாராச்சும் சொன்னீங்களா?"

"சொன்னா, சொல்றது யாருன்னு கேப்பாரு. ரோதைக்கார மூக்கன் மகன்னு என் வாயால சொல்லணும். சம்மந்தி காதுல விழுந்தா டிலானி கல்யாணம் அம்புட்டுத்தான்."

"அப்ப ஸ்தபதியாவே இருங்க. அரைச்சுக்கிட்டே இருக்கட்டும்."

நிச்சயதார்த்தத்தன்று இராமையா குடும்பத்தோடு வந்திறங்கினார். பெண்கள் சாப்பாட்டுக் கூடத்தில் தாம்பூலத் தட்டுகளை அடுக்க, இருளப்பன் தரையில் புரளும் பட்டுச் சால்வையோடு அவருக்குக் கலை விளக்கம் சொல்லிக்கொண்டு நடந்தார்.

"இந்தத் தூண்ல அலெக்சாந்தரோட சாயல் இருக்கு பாருங்க."

"உள்ள என்ன சன்னதிங்க?"

"கழிப்பறை."

குவிமாடத்தின் கீழ் வந்ததும் தரை நடுங்கியது. பச்சைக் கொழுந்து வாடை குப்பென்று எழுந்தது. கரகரப்பு சுவரோடு சுற்றி, தலைக்கு மேல் போய், தோளுக்குப் பின்னால் இறங்கியது.

"ஜெனரேட்டருங்க" என்றார் இருளப்பன்.

இராமையாவின் கண்கள் தரையின் நடுவில் ஒரு புள்ளியில் நிலைத்திருந்தன. கால்கள் செருப்பை விட்டு நழுவியிருந்தன. திடீரென்று பாய்ந்து இருளப்பனின் சால்வை நுனியைப் பற்றிச் சுருட்டி அவர் இடுப்பில் திணித்தார்.

"தொங்க விடாதீங்க. ரோத இழுத்துரும்."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது.

இருளப்பன் கழிப்பறைப் பக்கமும் கோபுரப் பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எந்த ஸ்டோரு?"

"ரங்கல பக்கம்." இராமையாவின் குரல் இறங்கியிருந்தது. "கல்யாணம் கட்டுற வரைக்கும் ரோதையிலதான் நின்னேன். வீட்ல யாருக்கும் தெரியாது."

"முத்து யாவாரம்?"

"உங்க தாத்தா கட்டின கோயில் எதுங்க?"

இரண்டு கேள்விகளையும் குவிமாடம் வாங்கி வைத்துக்கொண்டது.

இனி மறைக்க ஆளில்லை. இருளப்பன் பளிங்கில் மண்டியிட்டு உள்ளங்கையைப் பதித்தார். "சாமி, நான் ரோதைக்கார மூக்கன் மகன். ஸ்டோர மூடிட்டாங்க. மிசினெல்லாம் போயிருச்சு. வேல இல்ல சாமி. நீங்க போகலாம்."

சத்தம் நின்றது. எங்கோ ஒரு மூச்சு இழுபட்டது போலிருந்தது. இருளப்பன் எழப்போனார். அப்போது அது மறுபடி தொடங்கியது. முன்னைவிட மெதுவாக, கனமாக, யாரோ புதிதாகக் கூடை கவிழ்த்துக் கொழுந்து போட்டது மாதிரி.

"போக மாட்டாரு" என்றார் இராமையா. "தோட்டத்த மூடி நம்மாளுங்கள வேல இல்லைன்னு சொன்னப்ப, யாரு உடனே போனது? காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல போயி நின்னுக்கிட்டேதான இருந்தோம்."

"இப்ப என்னா செய்றது?"

"கல்யாணத்த வேற மண்டபத்துல வைப்போம், சம்மந்தி. கட்டுகஸ்தோட்டைல தகரக் கூரை போட்டது ஒன்னு இருக்கு. பாணியெல்லாம் ஒன்னும் கெடையாது."

இருவரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். இராமையாவின் மனைவி, இவ்வளவு நேரம் அப்படி என்ன பேச்சு என்று கேட்டாள்.

"ஸ்தபதி பரம்பரையில்ல, வாஸ்து பாத்துச் சொன்னாரு" என்றார் இராமையா. "குவிமாடம் கொஞ்சம் சரியில்லையாம்."

சந்திரிகா இரண்டு ஆண்களையும் பார்த்தாள். இருவரும் வெறுங்காலோடு நின்றார்கள். இருவரின் சால்வைகளும் இடுப்பில் இறுகச் செருகியிருந்தன. அவள் தாம்பூலத் தட்டிலிருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு குவிமாடத்தின் கீழே போனாள்.