தம்பதியரின் செல்வப் புதல்வி

வழக்கு வெல்லும் நிலையில்தான் இருந்தது. அதைக் கெடுத்தது கோகுலன் அல்ல. ஊர் என்ன சொல்லுமோ என்ற பாழாய்ப்போன பயம்தான் கெடுத்தது.

ஆரணிக்கு நீர்வேலியில் சீதன வீடு, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, பதின்மூன்று வயதில் சுவர்ணா என்றொரு மகள். புருஷன் கோகுலன் நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு வார்த்தை சொல்லாமல் பருத்தித்துறைக்குப் போய் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினான். பெற்ற பிள்ளையின் பிறந்தநாளுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனுஷன். பொறுத்துப் பார்த்துவிட்டு ஆரணி விவாகரத்து வழக்குப் போட்டாள். விவாகரத்து கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். பிள்ளை தாயிடம்தான் இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் எழுதித் தரவேண்டும். அவளுக்கு வேண்டியது அது மட்டும்தான்.

"அவர் உங்களை விட்டிட்டுப் போனவர், திரும்பி வர மனமில்லை. எங்கடை வழக்கே இதுதான்" என்றார் சட்டத்தரணி சீவரத்தினம். "ஒரு வழக்குத் தவணைக்கும் ஆள் வரேல்லை. அடுத்த முறையும் வராட்டில் உங்கடை சாட்சியத்தோடை முடிஞ்சிடும். அதுவரைக்கும் அவரை வாசற்படி ஏத்தாதேங்கோ."

"ஓம் சேர்" என்று தலையாட்டிவிட்டு வந்தவள்தான். அடுத்த கிழமை சுவர்ணா பெரியபிள்ளையானாள்.

தாய்மாமன் என்ற உரிமையோடு ஆரணியின் தமையன் மயூரதன் சடங்கு நடத்த வந்து குந்திவிட்டான். அவனுடைய மகளுக்கு உடுவிலில் ஒரு நல்ல இடம் பேச்சில் இருந்தது.

"தகப்பன் இல்லாமல் பிள்ளையைச் சபையிலை இருத்தேலுமோ? சம்பந்தக்காரரும் வருவினம். கோகுலன் வந்து ரெண்டு நாள் நிண்டிட்டுப் போகட்டும். நான் போய்க் கதைக்கிறன்."

"அண்ணை, வழக்கு நடக்குது. சேரிட்டை ஒருக்கால் கேட்டிட்டு…"

"அப்புக்காத்தரைக் கேட்டோ நாங்கள் எங்கடை பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறது?"

ஆரணி சட்டத்தரணியிடம் கேட்கவில்லை. அதோடு விட்டாளா? "அப்பா வருவாரோ?" என்று சுவர்ணா கேட்டபோது, "வருவார். இனி எங்களோடைதான் இருப்பார்" என்றும் சொல்லிவிட்டாள். கொண்டாட்டம் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவளுடைய எண்ணம். பிள்ளை அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிந்தது.

'கோகுலன் ஆரணி தம்பதியரின் செல்வப் புதல்வி' என்று அழைப்பிதழ் அடித்தார்கள். கோகுலன் பட்டுவேட்டியோடு வந்து, காலையில் கடைக்குப் போய்த் திரும்பியவன் போல வந்தவர்களை வரவேற்றான். வீடியோக்காரன் கேட்டபடி மனைவியின் தோளில் கை போட்டான். ஆரணிக்கு உடம்பு கூசியது. இருந்தும் சிரித்தாள். மண்டபம் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருந்ததே, என்ன செய்வாள்?

இரண்டு நாள் கழிந்தது. சொந்தக்காரர்கள் போனபின்பும் கோகுலன் கதிரையை விட்டு எழும்பவில்லை. சுவர்ணா தனி வகுப்புக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். ஆரணி அவனிடம் போய், "எல்லாம் முடிஞ்சுது. நீங்களும் வெளிக்கிடலாம்" என்றாள்.

"என்னைப் போகச் சொல்லுறீரோ?" என்று வேலிக்கு அப்பால் கேட்கும்படி கேட்டான்.

"ஓம்."

பையைத் தூக்கிக்கொண்டு நேரே பொலிஸுக்குப் போனான். சேர்ந்து வாழ வந்தவனை மனைவி வீட்டை விட்டுக் கலைத்துவிட்டாள் என்று முறைப்பாடு கொடுத்தான். அடுத்த தவணைக்கு அடைக்கலநாதன் என்ற சட்டத்தரணியோடு வந்து நின்றான். சட்டப்படி கலைத்தவள்தான் விட்டுப்போனவள், விவாகரத்தும் பிள்ளையும் எனக்குத்தான் வேண்டும் என்றான். பருத்தித்துறைக்காரியை விட்டுவிட்டு அதே ஊரில் தன் தாய் வீட்டில் இருப்பதாகவும் சத்தியம் செய்தான்.

விசாரணையில் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். தோளில் கை, ஆரணியின் சிரிப்பு, எல்லாம் தெளிவாக இருந்தது.

"அது சபைக்காக" என்றாள் ஆரணி.

"அப்ப சபைக்குச் சொன்னது பொய், கோட்டுக்குச் சொல்லுறது உண்மை. அப்பிடித்தானே, அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார் அடைக்கலநாதன்.

அவளுக்கு மிச்சமிருந்தது தமையன் ஒருவன்தான். கோகுலனைக் கூட்டிக்கொண்டு வந்தவனே அவன். நடிப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். மயூரதன் சாட்சிக் கூண்டில் ஏறினான். சம்பந்தக்காரரிடம் தங்கச்சி குடும்பம் ஒற்றுமை என்று அளந்துவிட்டவன் அல்லவா, ஆரணியின் பக்கம் திரும்பவேயில்லை.

"ஓம், ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருந்தவை" என்றான்.

வெளியே வந்து ஆரணி அவனுடைய சட்டையைப் பிடித்தாள். "ஏன் அண்ணை?"

"உன்ரை கதை முடிஞ்ச கதை. என்ரை பெட்டை இனித்தான் வாழோணும்" என்று கையைத் தட்டிவிட்டுப் போனான். கூடப்பிறந்தவன் என்றால் அப்படி.

நீதிபதி சுவர்ணாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். அப்பா திரும்பி வந்தார், அம்மாதான் கலைத்தா, நான் அப்பாவோடை போறன் என்று பிள்ளை சொன்னது. தீர்ப்பு அதன்படியே வந்தது. விட்டுப்போன குற்றம் ஆரணிக்கு, பிள்ளை கோகுலனுக்கு. சனிக்கிழமைகளில் தாய் போய்ப் பார்க்கலாம்.

முதல் சனிக்கிழமை ஆரணி பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போனாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள் அந்தப் பருத்தித்துறைக்காரி. வழக்கு முடிந்த கையோடு கோகுலன் அவளைத் தாய் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். ஆரணி தேத்தண்ணியைத் தொடவில்லை. மகளைப் பக்கத்தில் இருத்தி உண்மையைச் சொன்னாள். உண்மை தெரிந்தால் பிள்ளை தன்னோடு வந்துவிடும் என்று வழி நெடுக நம்பிக்கொண்டு வந்திருந்தாள்.

"அப்பா திரும்பி வரேல்லை, பிள்ளை. சனத்துக்காக நாங்கள்தான் கூப்பிட்டு நடிக்க வைச்சனாங்கள்."

சுவர்ணா தள்ளி இருந்துகொண்டு கேட்டாள்.

"எனக்கும் நடிச்சனீங்களோ?"

"இல்லைக் குஞ்சு, நீ சந்தோசமாய் இருக்கோணுமெண்டுதான்…"

"அப்பா ஒருநாளும் 'இனி உங்களோடை இருப்பன்' எண்டு எனக்குச் சொல்லேல்லை, அம்மா. நீங்கள்தான் சொன்னனீங்கள்." குரல் உயரவில்லை. "இனி வராதேங்கோ."

எழும்பி உள்ளே போனாள். ஆரணி அந்த வீட்டுக் கதிரையில், அந்தப் பெண் வந்து கோப்பையை எடுக்கும்வரை இருந்தாள்.