அந்தத் துணியை ஆர் தோய்ச்சது

"நில், நில். வெறுங்கையாலை தொடாதை" என்று அண்ணன் உருத்திரமூர்த்தி அறை வாசலில் நின்று சொன்னபோது, கலாவதி பெட்சீற்றின் இரண்டு மூலைகளை மெத்தையிலிருந்து இழுத்துவிட்டிருந்தாள். மூன்றாவது மூலை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இறுகிக் கிடந்தது. அண்ணனின் கையில் நகரசபையின் வெள்ளைக் குப்பைப் பை. இருந்ததற்குள் பெரிய பையாகப் பார்த்து எடுத்து, வாயை விரித்துப் பிடித்திருந்தார்.

"மடிக்கத் தேவையில்லை. அப்பிடியே சுருட்டி இதுக்குள்ளை போடு. தலையணி உறை, போர்வை, அவர் போட்டிருந்த சேட்டு, எல்லாம்."

காலை ஏழு மணிக்குக் கலாவதியின் கணவர் தவச்செல்வன் போய்விட்டார். தேத்தண்ணி கேட்டார், ஊற்றிக்கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. எட்டரைக்கு டொக்டர் வந்து கையெழுத்து வைத்தார். பத்து மணிக்குக் கறுப்புக் கோட் போட்ட இரண்டு பேர் வந்து, சப்பாத்துக்கு மேலே நீல உறை மாட்டி, மாடிப்படியில் எங்கும் முட்டாமல் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எரிப்பது வெள்ளிக்கிழமை. மகள் மதுஜா கடதாசிகளோடு அலுவலகங்களுக்கு அலைந்துகொண்டிருந்தாள்.

சுவிஸின் வடக்கே ஆராவிலிருந்து அண்ணன் ரெனான் வீட்டுக்கு வந்து சேரப் பகல் ஒரு மணி. வந்து அழுதார், தங்கச்சியின் தலையைத் தடவினார், முகத்தைக் கழுவினார், வேலையில் இறங்கிவிட்டார். செத்தவீடு என்றால் உருத்திரமூர்த்திக்கு எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். ஐயரைப் பிடிப்பதிலிருந்து பூமாலைக்கு ஓடர் கொடுப்பது வரை அவர் கையில் விட்டுவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக அழலாம். சுவிஸ் முழுக்க அவருக்கு அந்தப் பெயர் உண்டு.

"ஊரிலையெண்டால் துணி வெளுக்கிற கட்டாடி வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பான்" என்றார் அவர். "இஞ்சை ஆர் இருக்கினம்? துடக்குத் துணியை வீட்டுக்குள்ளை வைச்சிருக்கேலாது. ஆ, மற்றது, அஞ்சு மணிக்குள்ளை இன்ரநெற்றிலை மரண நோட்டீஸ் போட விபரம் அனுப்போணும். பிறந்த இடம் போட்டிட்டன். படம் போட்டிட்டன். உத்தியோகம் என்னெண்டு போடுறது?"

கலாவதி மூன்றாவது மூலையை இழுத்தாள்.

"ஆஸ்பத்திரி."

"அது தெரியும். லாப்பிலை எண்டுதானே சொன்னனீ. லாப்பிலை என்ன? ரெக்னீசியனோ?"

அதற்குள் வேறொரு அழைப்பு வர, அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போனார். பையை மட்டும் கதவுப் பிடியில் கொழுவிவிட்டுப் போனார்.

லாப் என்பது கலாவதி சொன்ன பொய். முப்பத்துமூன்று வருசத்துக்கு முந்திய பொய், இவ்வளவு காலம் நன்றாகவே உழைத்த பொய். தவச்செல்வனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த கிழமை, அண்ணன் ரெலிபோனில் என்ன வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரியின் நிலவறையில், நோயாளிகள் படுத்து எழும்பிய துணி தோய்க்கிற வேலை. கோப்பை கழுவுகிறார் என்றால் சொல்லியிருப்பாள். அண்ணனே அப்போது ஒரு ஹோட்டலில் கோப்பைதான் கழுவிக்கொண்டிருந்தார். கக்கூஸ் கழுவுகிறார் என்றாலும் ஒருவாறு சொல்லியிருப்பாள். ஊரில் அழுக்குத் துணிக்கென்று ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பின்வாசலால் வந்து, முற்றத்தில் நின்று மூட்டையை வாங்கி, பின்வாசலால் போனார்கள். அந்த மூட்டையை நினைத்ததும் வாய் தானாக 'லாப்' என்றுவிட்டது. பக்கத்தில் இருந்த தவச்செல்வன் கேட்டுவிட்டு, "சரி, லாப்பெண்டால் லாப்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் அன்றைக்கு ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

இந்த பெட்சீற்றும் அங்கிருந்து வந்ததுதான். மூன்று வருசத்துக்கு முன் அவர் பென்சன் எடுத்த நாளில், கூட வேலை செய்தவர்கள் புதுசாக வாங்கிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரித் துணிகளின் மூலையில் வார்ட் நம்பர் தைக்கிற போர்த்துக்கல்காரி ஒருத்தி, இதன் மூலையில் நீல நூலால் அவருடைய பெயரையும், கீழே பிரெஞ்சில் 'சலவைப் பகுதி, முப்பது ஆண்டுகள்' என்றும் தைத்திருந்தாள். ஆட்கள் வந்து போகிற வீடு. கலாவதி அதை அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். போன கிழமைதான் அவர் கேட்டார். "இஞ்சேரும், அந்தச் சீற்றை எடுத்து விரியுமன்." விரித்தாள். அதில் ஒன்பது நாள் படுத்தார்.

கணையத்தில் வந்த நோய். கண்ணும் தோலும் மஞ்சளாகிவிட்டன. அதை வைத்தும் அவர் பகிடி விட்டார். மகள் மதுஜா லோசான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வது மஞ்சள் காய்ச்சலைப் பற்றி. இந்தக் குளிரில் இல்லாத ஒரு வருத்தத்தை, அதுவும் நூற்றிருபத்தைந்து வருசத்துக்கு முந்தி கியூபாவில் அமெரிக்க ஆமி டொக்டர்மார் என்ன செய்தார்கள் என்பதை, இவள் ஏன் கிண்டுகிறாள் என்று கலாவதிக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தவச்செல்வன், "பிள்ளை, நீ கியூபாவுக்குப் போகத் தேவையில்லை, என்னைப் பாத்தே எழுதலாம்" என்பார். மகள் சிரிக்க மாட்டாள். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, எழுதியதை அவருக்குத் தமிழில் சொல்லுவாள். கலாவதி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்பாள்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது அந்தக் குடிசைக் கதை. காய்ச்சல்காரரின் துணியால்தான் நோய் பரவுகிறது என்று அந்தக் காலத்தில் ஊர் உலகமெல்லாம் நம்பியது. துணியைக் கண்டால் கொளுத்தினார்கள். அது உண்மையா என்று பார்க்க ஆமிக்காரர் ஒரு குடிசை கட்டினார்கள். ஜன்னலை இறுக்கி அடைத்து, உள்ளே அடுப்பை மூட்டிச் சூடாக்கி, காய்ச்சல்காரர் சத்தி எடுத்த, செத்துப்போன துணிகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு டொக்டரும் இரண்டு சிப்பாய்களும் அந்தத் துணியை உதறி விரித்து அதிலேயே இருபது இரவு படுத்தார்கள்.

"முதல் நாள் பெட்டியைத் திறந்த உடனை நாத்தம் தாங்கேலாமல் மூண்டு பேரும் வெளியிலை ஓடியிட்டினம் அப்பா. பிறகு திரும்பிப் போய்ப் படுத்தவை."

"திரும்பிப் போனவையோ? கெட்டிக்காரர். பிறகு?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை. பக்கத்துக் குடிசையிலை துணியெல்லாம் சுத்தம். ஆனால் காய்ச்சல்காரரைக் கடிச்ச நுளம்பு விட்டிருந்தவை. அங்கை படுத்தவருக்குத்தான் காய்ச்சல் வந்தது."

தவச்செல்வன் போர்வையின் மூலையை விரலால் நீவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "முடிஞ்சாப்பிறகு அந்தத் துணியை ஆர் தோய்ச்சது?"

மகளுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்க்கச் சொன்னார். அவள் தேடினாள், அமெரிக்காவுக்குக் கடிதம்கூட எழுதினாள். அடுத்த கிழமை வந்து, "படுத்தவையின்ர பேர் இருக்கு. எந்த நுளம்பு ஆரைக் கடிச்சதெண்டுகூடக் கணக்கு வைச்சிருக்கினம். தோய்ச்சவையைப் பற்றி எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கேல்லை அப்பா" என்றாள்.

"ஆரோ தோய்ச்சிருப்பினம்" என்றார் அவர். "முதல்லை பச்சைத் தண்ணியிலை ஊறப் போட்டிருப்பினம். சுடுதண்ணி விட்டால் ரத்தம் பிடிச்சுக்கொள்ளும்."

குசினியில் கலாவதியின் கத்தி நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை அவர் மகளிடம்தான் கேட்டார். ஆனால் அது சுவரைத் தாண்டி வந்து தன்னிடம் நின்றதாக அவளுக்குப் பட்டது. அன்றிலிருந்து ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தி, இன்றைக்குத் தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

மூன்றாவது மூலை கழன்று வந்தது. நாலாவது மூலையில் நீல நூல். கலாவதி கட்டில் விளிம்பில் இருந்தாள்.

மதுஜா வந்தபோது மணி இரண்டரை. தோளிலிருந்து பையை இறக்காமலே அறைக்குள் வந்து வெறும் மெத்தையைப் பார்த்தாள், தாயின் மடியில் துணியைப் பார்த்தாள், கதவில் தொங்கிய குப்பைப் பையைப் பார்த்தாள்.

"இதை எறியப் போறீங்களோ?"

"எறியத்தான் வேணும் பிள்ளை" என்றார் பின்னால் வந்த உருத்திரமூர்த்தி. "செத்த துணி வீட்டிலை இருந்தால் கூடாது. வருத்தக்காரன் படுத்தது."

"மாமா, அது தொத்துற வருத்தமில்லை. தொத்துற வருத்தக்காரன்ர துணியிலையே அமெரிக்க ஆமி இருபது நாள் படுத்துப் பாத்ததாம். ஒண்டும் வரேல்லை."

"அது அமெரிக்கன். நாங்கள் தமிழாக்கள்" என்றார் மாமா. அதோடு அந்த விவாதம் முடிந்தது என்பது அவருடைய எண்ணம். போனை எடுத்தார். "கலா, உத்தியோகத்தைச் சொல்லு. அனுப்புவம்."

மதுஜா தாயைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். சின்ன வயதில், 'மாமா கேட்டால் அப்பா லாப்பிலை எண்டு சொல்லோணும்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. இப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கலாவதிக்குக் கோபப்படவாவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

"அண்ணை, அவர் லாப்பிலை வேலை செய்யேல்லை."

"பின்னை?"

"துணி தோய்ச்சவர். ஆஸ்பத்திரியிலை. ரத்தம், சத்தி, பீ, மூத்திரம் பட்ட துணி. முப்பது வருசம் அதுதான் அவற்றை வேலை. நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அவர் ஒருநாளும் சொல்லேல்லை."

உருத்திரமூர்த்தி போனைப் பார்த்தபடி நின்றார். அதன் வெளிச்சம் தானாக அணைந்தது.

"சரி. அது எங்களோடை இருக்கட்டும்" என்றார் குரலைத் தணித்து. "ஆஸ்பத்திரி உத்தியோகத்தர் எண்டு போடுவம். அது பொய்யுமில்லைத்தானே."

"இல்லை. சலவைப் பகுதி எண்டு போடுங்கோ."

"உனக்கென்ன விசரோ? கோபிஷாவின்ர கலியாணம் பேச்சிலை நிக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் நோட்டீஸ் வாசிப்பினம். ஊரிலை எல்லாரும் வாசிப்பினம். ஆர் எவர், என்ன ஆக்களெண்டு விசாரிக்கிற சனம் கலா. செத்த மனிசனுக்கு இனி என்ன, நாங்களெல்லோ இருக்கிறம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கோபிஷா அவருடைய ஒரே மகள். கலாவதி தூக்கி வளர்த்த மருமகள். அந்தக் கலியாணம் இந்த ஒரு வரியால் குழம்பலாம். குழம்பினால் அண்ணன் இந்த வாசலை இனி மிதிக்க மாட்டார். கலாவதிக்கு அண்ணனை விட்டால் கூடப்பிறந்தவர் என்று வேறு யாருமில்லை.

"முப்பது வருசம் அந்த மனிசனை ஒளிச்சு வைச்சிட்டன் அண்ணை" என்றாள். "எரிக்கிற அண்டைக்கும் ஒளிச்சுத்தான் அனுப்புறதோ?"

உருத்திரமூர்த்தி போனை மதுஜாவின் கையில் வைத்தார். "என்ர கையாலை எழுதமாட்டன். என்னவோ செய்யுங்கோ." வெளிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கலாவதி பெட்சீற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். கட்டடத்தின் பொதுத் தோய்க்கும் அறை அங்கேதான். செவ்வாய்க்கிழமை அவர்களுடைய நாள் இல்லை; சுவரில் தொங்கும் அட்டவணையில் மூன்றாம் மாடி மதாம் ஃபவ்ரின் பெயர். அட்டவணை என்று வந்தால் மதாம் ஃபவ்ர் பெற்ற பிள்ளைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அங்கே துணியோடு நின்ற அவள் கலாவதியின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள். தன் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு, சாவியை மெஷினுக்கு மேலே வைத்துவிட்டுப் போனாள்.

மெஷினுக்கு முன்னால் நின்றபோதுதான் கலாவதிக்கு உறைத்தது: எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாது. இந்த வீட்டுத் துணியை ஒருநாளும் அவள் தோய்த்ததில்லை. முப்பது வருசமாக வேலையால் வந்து, அவளுடைய சீலையையும் பிள்ளையின் பள்ளிக்கூட உடுப்பையும் அவரே இங்கே கொண்டுவந்து தோய்த்துக் காயவைத்து, கடைத் துணி போல மடித்துக் கொண்டுவருவார். அவர் படுத்தபிறகு அதை மதுஜா பார்த்தாள். கலாவதி அலுமாரியில் அடுக்குவாள். அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை, யாரும் இல்லாத அந்த அறையில் வந்தது. அழுது முடித்து, தொட்டியில் பச்சைத்தண்ணியைத் திறந்து துணியை ஊறவைத்தாள். அது அவளுக்குத் தெரியும்.

மதுஜா வந்து பொத்தானைக் காட்டினாள். தோய்த்துச் சுழற்றி, உலர்த்தும் மெஷினில் போட்டு எடுக்க நாலே முக்கால். மகள் துணையிருந்துவிட்டு, மாமாவின் போனில் நோட்டீஸ் விபரத்தை அனுப்ப மேலே போனாள்.

வெதுவெதுப்பாக வந்த துணியைக் கலாவதி மடிக்கப் பார்த்தாள். அவர் இதை ஒற்றை ஆளாக மடிப்பார். கையை அகல விரித்து, நாடியால் நடுவைப் பிடித்து, இரண்டு உதறலில் முடித்துவிடுவார். அவளுக்குக் கை எட்டவில்லை. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சீமெந்துத் தரையைத் தொடப் பார்த்தது. இரண்டாம் தரம், மூன்றாம் தரம்.

வாசலில் உருத்திரமூர்த்தி நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கோட்டில் மழைத்துளி இருந்தது.

"பிள்ளை அனுப்பிப்போட்டாள்" என்றார்.

"என்னெண்டு?"

"நீ சொன்னமாதிரித்தான்."

அவர் உள்ளே வந்தார். பெண் கொடுத்த வீட்டுக்காரர், அவருக்குத் துடக்கில்லை; இந்தத் துணியைத் தொட்டு அதைத் தேடிக்கொள்ளத் தேவையுமில்லை. குளித்துவிட்டு ஆராவுக்கு ரயில் ஏறலாம். குனிந்து, தரையைத் தொட இருந்த இரண்டு மூலைகளைப் பிடித்து எடுத்தார். பின்னுக்கு நடந்து துணியை இழுத்து விறைப்பாக்கினார். நீல நூல் தைத்த மூலை அவருடைய வலக்கையில் இருந்தது.

"எந்தப் பக்கம் மடிக்கிறது?" என்று கேட்டார்.