இன்னும் நூறடி

என் வீட்டுக்காரர் குமரகுருவின் செல்போனில் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை. இந்த இரண்டையும் ஒரே ஆள் நம்ப வேண்டும் என்றால் கொஞ்சம் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்து வருஷம் இரண்டாகிறது.

திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒரு ரிக் வண்டி நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். எங்களிடமும் ஒன்று இருந்தது. போர் போடும் அந்த வண்டியோடு அவர் சத்தீஸ்கர், தெலங்கானா என்று வருஷத்தில் பாதியைக் கழிப்பார். அந்தத் தொழிலில் அடிக்கு இவ்வளவு என்று கூலி. தண்ணீர் வந்தாலும் கூலி, வெறும் புகை வந்தாலும் அதே கூலி. கடன் வாங்கிப் போர் போடுகிற விவசாயி, ஐந்நூறு அடியில் வறண்ட பாறை மாவு பறந்தாலும் "இன்னும் நூறடி போங்க" என்பான். போட்ட காசை விட்டுவிட்டு எழுந்து போக யாருக்கு மனசு வரும்? மற்ற வண்டிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். இவர் மட்டும் துளையிலிருந்து வருகிற பாறை மாவில் ஒரு பிடி அள்ளி, அந்த விவசாயியின் உள்ளங்கையில் வைத்து, "தொட்டுப் பாருங்க, ஈரம் இருக்குதுங்களா? இதோட நிறுத்திக்கலாமுங்க" என்பார். கூலியில் நஷ்டம்தான். ஆனால் அதனாலேயே போன இடமெல்லாம் பேர் வாங்கினார். அந்தப் பேரில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் இந்த டிஜிட்டல் காயின் பிடித்தது. ஜேடர்பாளையத்துச் சபரிநாதன் இவருக்குப் பழைய சிநேகிதர், அவருக்கும் ரிக் தொழில்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஓட்டல் ஏசி ஹாலில் கூட்டம் என்று அவர்தான் அழைத்துப் போனார். கோட்டு மாட்டிய பையன் ஒருவன் பேசினானாம். காபி, பப்ஸ் கொடுத்தார்களாம். காயினை வாங்கவும் விற்கவும் ஒரு எக்ஸ்சேஞ்ச், அதற்கு ஒரு ஆப். திரும்பி வந்தபோது அது இவர் போனில் ஏறியிருந்தது.

"அதை வெச்சு என்னங்க வாங்கலாம்?" என்று கேட்டேன்.

"என்ன வேணாலும் வாங்கலாம் புள்ள."

"நாமக்கல்லுல ஒரு அட்டை முட்டை வாங்கலாமுங்களா?"

"உன்ர புத்தி முட்டையத் தாண்டிப் போகாது" என்று சிரித்தார். அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒரு தடவை அது பயன்பட்டது. சபரிநாதனின் மகன் ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேங்க் மூடிக்கிடந்த நேரத்தில், அவனுக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது. காபி ஆறுவதற்குள் இந்தக் காயின் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கதையை இவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சத்தீஸ்கரில் இரும்பைத் தேய்த்துச் சம்பாதித்ததையெல்லாம் அதன்பிறகுதான் அதில் கொண்டுபோய்க் கொட்டினார்.

ஒரு ஆடி மாதம், பணத்தை வெளியே எடுக்கும் வழியை எக்ஸ்சேஞ்ச் அடைத்துவிட்டது. பராமரிப்பு வேலை நடக்கிறது என்று ஆப்பில் அறிவிப்பு. ஃபேர்லேண்ட்ஸில் அவர்கள் வைத்திருந்த ஆபீசுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் பூட்டு. கம்பெனி திவாலாகிவிட்டது என்று கொஞ்ச நாளில் டிவியிலும் சொன்னார்கள். சபரிநாதன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, போனது போகட்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு ராய்ப்பூர் கிளம்பிவிட்டார். இவரும் அப்படிக் கிளம்பியிருந்தால் நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இவருக்கு ஒரு மெசேஜ் வந்தது. மூழ்கின கம்பெனியைப் புதுக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது, உங்கள் காயினை அங்கே மாற்ற விடுவிப்புக் கட்டணம் கட்டுங்கள் என்று. என் நகை போனது. அடுத்து வரி கட்டுங்கள் என்று வந்தது. வண்டி போனது. முன்பு இவரிடம் டிரில்லராக இருந்த சுப்பையன்தான் வாங்கினான். வண்டி வாசலை விட்டுப் போன அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

"எத்தன பேருக்கு நிறுத்தச் சொல்லியிருப்பீங்க? உங்களுக்கு நீங்களே சொல்லிக்கத் தெரியாதுங்களா?"

"பாறைக்குள்ள என்ன இருக்குதுன்னு எவனுக்கும் தெரியாது. இது கண்ணு முன்னால இருக்குது பாரு புள்ள" என்று போனைக் காட்டினார். இருக்கத்தான் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் செத்தாலும் அந்த ஆப் சாகவில்லை. அதில் தொகை தினம் ஏறிக்கொண்டே இருந்தது. அது இறங்கியிருந்தால்கூட இவர் பிழைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

மிச்சம் இருந்தது இரண்டரை ஏக்கர் காடு, விவசாய நிலம். என் அப்பா சீர்வரிசையாக என் பேருக்கு எழுதிக் கொடுத்தது. நூற்றைம்பது தென்னை நிற்கிறது. அதில்தான் சாப்பாடு. அதை மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்க மாட்டேன் என்று அவரும் சொல்லியிருந்தார்.

இந்தக் கோடையில் பழைய போர் வற்றியது. தென்னை மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. டேங்கர் தண்ணீர் குடிக்கத்தான் போதும், மரத்துக்கு எங்கே ஊற்றுவது? புதுப் போர் போட்டுத் தண்ணீர் விழுந்தால் காடு நிற்கும். இல்லாவிட்டால் இல்லை. செய்தி தெரிந்து சுப்பையன் தானாகவே வந்தான்.

"டீசல் மட்டும் போடுங்கக்கா. அண்ணன்கிட்ட நான் கூலி வாங்குனா நல்லா இருக்காதுங்க" என்றான். டீசலுக்கு என் அண்ணன் சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பணம் கொடுத்து அனுப்பினான்.

வண்டி வந்தது. பெயிண்டு மாறியிருந்ததே தவிர அதே வண்டிதான், அதே இரைச்சல். இவர் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். அவர் கை வண்டியைத் தொட்டுத் தொட்டு வந்தது. காலையில் ஆரம்பித்து துளைக்குள் ராடு மேல் ராடாக இறங்கியது. முதலில் செம்மண், பிறகு சாம்பல் நிறத்தில் மாவு. ஐந்நூறு அடியில் மாவு. அறுநூறிலும் மாவு. தென்னையெல்லாம் மாவு படிந்து வெள்ளை பூத்து நின்றது. நான் மூக்கில் சேலையைப் பொத்திக்கொண்டு, எந்தச் சாமியையும் விடாமல் வேண்டினேன்.

எழுநூறில் சுப்பையன் எஞ்சினைத் தணித்தான். ஒரு பிடி மாவை அள்ளிப் பார்த்தான். இவரிடம் நேராகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அண்ணா, நீங்களே பாருங்கண்ணா" என்று நீட்டினான்.

இவர் அதைப் பார்க்கவில்லை. "இன்னும் நூறடி போ சுப்பையா" என்றார்.

இவரிடம் வேலை பார்த்த ஆட்கள் நாலைந்து பேர் அங்கே நின்றார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"டீசல் தீரப்போகுதுங்கண்ணா" என்றான் சுப்பையன்.

"காசு நாந் தாரேன்." போனை எடுத்துத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "பாரு, இன்னைக்கு ஏறியிருக்குது. இதுல எவ்வளவு வேணும்னு சொல்லு. உன்ர நம்பரக் குடு, அனுப்புறேன்."

சுப்பையன் நல்லவன். போனில் தெரிந்த தொகையை மரியாதையாகப் பார்த்தான். "வெச்சிருங்கண்ணா, பொறவு வாங்கிக்கிறனுங்க" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ராடை எடுத்துரு சாமி" என்றேன்.

ராடெல்லாம் மேலே வர வெகு நேரம் ஆனது. கிளம்பும்போது சுப்பையன், "குழிக்கு மூடி போட்டுருங்கக்கா, யாராச்சும் உழுந்துருவாங்க" என்றான். தண்ணீர் விழாத போருக்குச் சொந்தக்காரர்களிடம் இவர் சொல்லிவிட்டு வருகிற வார்த்தை அது, இவரிடம் கற்றுக்கொண்டதுதான். நானே ஒரு பலகைக் கல்லைப் புரட்டிக் குழிமேல் தள்ளினேன். இவர் மாவுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மயிலு" என்று என்னைக் கூப்பிட்டார். குரல் ரொம்ப சாந்தமாக இருந்தது. "காட்டுப் பத்திரம் எங்க வெச்சிருக்கற? கடைசியா ஒரு கட்டணம் மட்டும் பாக்கியாம். அதோட எல்லாம் கைக்கு வந்துருமாம். தண்ணியில்லாத காட்ட வெச்சுட்டு இனி என்ன பண்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. குனிந்து ஒரு பிடி மாவை அள்ளினேன். அவர் கையிலிருந்த போனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த உள்ளங்கையில் மாவைக் கொட்டி விரல்களை மடக்கிவிட்டேன்.

"தொட்டுப் பாருங்க. ஈரம் இருக்குதுங்களா?"

அவர் விரலைத் திறந்து பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், எத்தனையோ ஊரில் எத்தனையோ பேருக்குப் பார்த்துச் சொன்ன மாதிரியே பார்த்தார். பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டான் என்று ஒரு நிமிஷம் நான் நம்பிவிட்டேன்.

"இல்ல" என்றார். மாவைக் கீழே உதறினார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "ஆனா இன்னும் நூறடி போயிருக்கலாம் புள்ள" என்று சொல்லியபடி போனை எடுத்துக்கொண்டார்.

நான் வீட்டுக்குள் போய், அரிசி டிரம்முக்கு அடியிலிருந்த பத்திரத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, சேலம் பஸ் ஏறி என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன்.