அஜின் நன்றாகப் பாடாத பெட்டி

ஜெப்ரிக்கு ஸ்பீக்கர் மேல் ஆசை கிடையாது. அஜின் மேல்தான் எரிச்சல்.

அஜின் சர்ச் பாடகர் குழுவின் நட்சத்திரம். பாங்க் உத்தியோகம், மும்பை செம்பூரில் ஃபிளாட். ஜெப்ரியின் மனைவி ஜெஸியும் அதே குழுவில் பாடுகிறாள். பயிற்சியை மொபைலில் பதிவு செய்து, ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் அஜின் வீட்டில் கூடித் தங்கள் தப்பைத் தாங்களே கேட்பார்கள். தாராவியில் தங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் ஜெஸிக்கு அதே பேச்சு.

"அவுங்க ஸ்பீக்கர்ல பாட்டு வெண்ணெ மாதிரி எறங்குது. நம்ம மொபைல்ல தகர டப்பா."

அந்த வெண்ணெய் ஜெப்ரியின் தொண்டையில் மூன்று வாரம் அடைத்துக்கொண்டு நின்றது. வீட்டிலேயே ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருந்தால் அவள் எதற்குச் செம்பூர் போகிறாள்? வேன் ஓட்டிச் சேர்த்த முப்பதாயிரத்தோடு சயானில் கரீம் பாட்சாவின் ஸ்பீக்கர் கடைக்குப் போனான்.

அங்கே ஒரு கட்டாயம். கடைக்காரர் பாட்டுப் போடமாட்டார். வாங்குகிறவன்தான் தனக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுவர வேண்டும். ஜெப்ரியிடம் இருந்தது குழுவின் பதிவு ஒன்றுதான். அஜினும் ஜெஸியும் மாறி மாறிப் பாடியது.

முதலில் மரநிறப் பெட்டி. அஜின் குழைந்தான், இழுத்தான், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோலப் பாடினான். ஜெப்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதான் தம்பி ஒங்களுக்கு. ஆம்ப்ளிஃபயரோட ஒங்க பட்ஜெட்டுக்குள்ள வரும். நாலு மணி நேரம் கேட்டாலும் காது நோவாது."

"அந்தக் கறுப்பு?"

"அது பளிச்சுன்னு கத்தும். கடையில ஜோர், வீட்டுல தலைவலி."

"போடுங்க."

கறுப்புப் பெட்டியில் அஜின் சீறினான். உச்சத்தில் மூக்கடைத்தவன் மாதிரி கிறீச்சிட்டான். ஜெப்ரிக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி போடச் சொன்னான். பிறகு இன்னொரு தடவை.

"இதையே கட்டுங்க."

"ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு தம்பி. மொதல்ல காதக் காட்டிட்டு வாங்க," என்றார் கரீம் பாட்சா. ஆனாலும் கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் பெட்டிகள் பீரோவின் மேல் ஏறின. ஜெஸி சந்தோஷமாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அந்தப் பாட்டையே போட்டாள்.

"ஐயோ, அஜின் அண்ணனா இது? மூக்கப் பிடிச்சுக்கிட்டுப் பாடுதாவ!"

ஜெப்ரிக்கு மனசு குளிர்ந்தது. முழுசாக ஒரு நிமிஷம்.

பிறகு ஜெஸியின் பகுதி வந்தது. அவள் சிரிப்பு நின்றது. நிறுத்தி, மறுபடி கேட்டாள். அணைத்துவிட்டாள்.

"நான் இப்பிடியா பாடுதேன்? அண்ணன் வீட்டுப் பெட்டி என் கொறைய மறைச்சிருக்கு. ஈஸ்டருக்கு நான் பாடல."

"ஒன் குரல்ல ஒரு கொறையும் இல்ல. பெட்டிதான் கீறுது."

"கேட்டுத்தான வாங்குனீங்க?"

"கேட்டேன்."

"வேற இல்லையா?"

"இருந்துச்சு. அதுல அவன் நல்லாப் பாடுனான்."

ஜெஸி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி. நானும் அதுல பாடுனேம்லா. நான் எப்பிடி இருந்தேன்?"

ஜெப்ரி யோசித்துப் பார்த்தான். மரநிறப் பெட்டியில் ஒரு முறை, கறுப்பில் மூன்று முறை. நாலு தடவையும் அவள் பாடியிருக்கிறாள். ஒரு தடவைகூட அவன் கேட்கவில்லை.