மாமியார் வாசலில் நிற்கிறார்

அந்த அச்சகத்தில் சத்தம் போடலாம், சிரிக்கக் கூடாது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்துத் தடுக்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் சிரிப்பு வந்ததும் இல்லை. வரிச் சட்டக் கையேடு, சாலை விதிப் புத்தகம், குழாய் பொருத்துவோருக்கான அளவு அட்டவணை என்று அச்சடிக்கிற இடத்தில் யார் எதைப் பார்த்துச் சிரிப்பது? முதலாளியின் முகத்துக்குச் சிரிப்பு வாடகைக்குக்கூட வந்ததில்லை என்று பைண்டர் சொல்வார். அதையும் மெஷின் ஓடும்போதுதான் சொல்வார்.

அதனால் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் புரூஃப் பார்க்கும் அறையிலிருந்து ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டதும், பக்கம் கட்டுகிற பெண் கணினியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. காற்புள்ளி சிரித்துக்கொண்டிருந்தாள்.

காற்புள்ளி என்பது அங்கே இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர். ஒரே ஒரு காற்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும் மாடிப்படி ஏறிப் போய்ச் சண்டை பிடிப்பாள். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் முதலில் பிழை பார்ப்பாள், பிறகுதான் வாழ்த்துவாள். அப்பேர்ப்பட்டவள் கண்ணில் நீர் வழிய, பேச்சு வராமல், கையிலிருந்த தாளை மட்டும் நீட்டினாள்.

அது ஒரு சமையல் புத்தகத்தின் புரூஃப். எழுதியவர் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். முன்னுரையின் முதல் வரி இது: "என் சமையலைச் சாப்பிட்டு இதுவரை யாரும் சாகவில்லை. ஒருவர் மட்டும் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்."

அடுத்த பக்கம் இன்னும் மோசம். "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். பொன் விற்கிற விலையில் அந்த நிறத்தை யார் கிட்டப் போய்ப் பார்த்தது? 'என்ன வாசனை?' என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரர் சமையலறை வாசலுக்கு வருவார். அதுதான் பதம்." பக்கம் கட்டுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று சாலை விதிப் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் கட்டப்படவே இல்லை.

இத்தனைக்கும் காற்புள்ளிக்குச் சமையல் என்றால் வேப்பங்காய். வீட்டில் அவளும் கணவரும் முறை வைத்துச் சமைத்தார்கள், இருவரும் கடனே என்றுதான். கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். நுணுக்கமான கை, ஆனால் அவர் வைக்கிற சூப்பு வெந்நீருக்கு ஒன்றுவிட்ட தம்பி. இவள் வைக்கிறது அதற்கு அண்ணன். சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவினால் அப்பாடா என்று இருக்கும், அவ்வளவுதான். பசி தீர்ந்தது, ஆசை தீரவில்லை. ஆசை என்று ஒன்று இருந்தது என்பதே அவளுக்கு அந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

மாலையில் புரூஃபைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நடந்தாள் என்று எழுதினால் பொய்.

"ஏங்க, அந்தக் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு இங்க வாங்க! மாவு இருக்கா வீட்ல?"

"எதுக்கு? எலிக்கா?"

"ரொட்டிக்கு! நீங்க படிங்க, நான் பிசையுறேன்."

அவர் படித்தார். அத்தியாயத்தின் பெயர் 'கோபத்தில் பிசைந்த ரொட்டி'. "முதலில் உங்கள் மேலதிகாரியை நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்துவிட்டீர்களா? இப்போது பிசையுங்கள்." காற்புள்ளி பிசைந்தாள். மேசை ஆடியது, தட்டு ஆடியது, சுவரில் இருந்த காலண்டர் ஆடியது. "போதும்மா, போதும், பாவம் அவருக்கு வலிக்கப் போகுது" என்றார் கணவர். அடுத்த வரி: "மாவு கையை விடாமல் ஒட்டும். பயப்படாதீர்கள். ஊரிலிருந்து வந்த உறவினரும் அப்படித்தான். பத்து நிமிடம் கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக விலகிவிடுவார்." இருவரும் மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றார்கள். திரும்பிப் பார்த்தால், சொன்ன சொல் தப்பாமல் மாவு விலகியிருந்தது! காற்புள்ளி கைதட்டினாள். நாற்பத்தொன்பது வயதில் மாவைப் பார்த்துக் கைதட்டினாள்.

அன்று ரொட்டி வந்தது. 'யாரும் கேட்காத சூப்பு' வந்தது. முட்டை உடைத்தபோது ஓடு விழுந்தது. "எடுக்க வரவில்லையென்றால் சுண்ணாம்புச் சத்து என்று சொல்லிவிடுங்கள்" என்று புத்தகம் ஏற்கெனவே வழி சொல்லியிருந்தது. "அடுத்தது என்ன, அடுத்தது என்ன?" என்று கணவர் சின்னப்பிள்ளை மாதிரி அடுப்பைச் சுற்றி வந்தார். மூன்று சமையலும் முடிந்தபோது வயிறு நிறைந்திருந்தது, தாடை வலித்தது. அவர்கள் வீட்டில் சாப்பிட்டுத் தாடை வலித்தது இதற்கு முன் ஒரே தடவைதான். அது அவள் வறுத்த கறி.

செவ்வாய்க்கிழமை முதலாளி கூப்பிட்டார். மேசைமேல் அதே புத்தகத்தின் இன்னொரு படி.

"என்னம்மா இது, நூத்தி அறுபது பக்கம்? சமையல் புஸ்தகத்துல சமையல் இருந்தா போதாதா? இந்த மாமியார் கதை, உறவுக்காரன் கதையெல்லாம் அடிச்சிருங்க. தொண்ணூத்தாறு பக்கத்துல முடியணும்."

காற்புள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், எழுதினவங்க..."

"கேட்டாச்சு. நீங்க சொன்னா சரியா இருக்கும்னுட்டாங்க. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு அச்சுக்கு பிளேட் போடணும்."

அந்த அம்மாளே சரி என்றுவிட்டாராம். வேறு யார் கேட்பது? காற்புள்ளி சிவப்புப் பேனாவை எடுத்தாள். வீட்டுக்காரரும் வாசனையும், அடி. மேலதிகாரி, அடி. சுண்ணாம்புச் சத்து, அடி. ஒவ்வொரு கோடு போடும்போதும் நன்றாகப் பாடிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துகிற மாதிரி இருந்தது அவளுக்கு. சில பக்கங்களில் சமைக்கிற குறிப்பே கிடையாது, வெறும் பேச்சுதான். அவற்றை மூலைக்கு மூலை ஒரே கோடாக அடித்தாள். புதன் மாலை எல்லாம் முடிந்தபோது மிஞ்சியது இது: வெங்காயத்தை வதக்கவும். மூடி வைக்கவும். இறக்கவும். அதைப் படித்தால் பசித்தவனுக்கும் பசி அடங்கிவிடும்.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், இத வச்சு யாராலயும் சமைக்க முடியாது."

"ஏன்?"

"எவ்வளவு நேரம்னு எங்கயாவது இருக்கா பாருங்க. நேரம், பதம் எல்லாத்தையும் அவங்க அந்தச் சிரிப்புக்குள்ளதான் வச்சிருக்காங்க. அத எடுத்துட்டா சமையலே வராது!"

முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சமைக்கத் தெரிஞ்சவனுக்கு வரும். சரி, நாளைக்கு மதியம் பின்னால சாப்பாட்டு ரூம்ல ரெண்டு அடுப்பு இருக்கில்ல? நீங்க முழுப் பக்கத்த வச்சுச் சமைங்க. நான் நீங்க அடிச்சுக் குடுத்தத வச்சுச் சமைக்கிறேன். எது நல்லா வருதோ அது அச்சுக்குப் போகும். சம்மதமா?"

"சம்மதம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமோ? ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். முதலாளியாவது, சமைப்பதாவது! அந்த மனிதர் கரண்டியின் எந்தப் பக்கத்தைப் பிடிப்பார்?

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு மெஷினை நிறுத்தினார்கள். சாப்பாட்டு அறையில் பத்துப் பேருக்கு மேல் நின்றார்கள். அவள் எடுத்துக்கொண்ட பக்கம் 'மாமியார் வாசலில் நிற்கிறார்'. உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, மேலே நான்கு முட்டை, எல்லாம் ஒரே பாத்திரத்தில். முதலாளிக்கும் அதுவே, ஆனால் அடித்தது போக மிஞ்சியதை மட்டும் எடுத்த அவர் தாளில் பெயர்கூடப் போய் 'உருளைக்கிழங்கு முட்டை' என்று இருந்தது.

முதலாளி சட்டைக் கையை மடித்தார். கத்தியை எடுத்தார். வெங்காயம் அவர் கையில் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. காற்புள்ளி கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"சார், உங்களுக்கு..." என்றாள்.

"வீட்ல நாந்தான் சமைக்கிறேன். அவ போனதுலேர்ந்து. ஆறு வருஷம் ஆச்சு" என்றார் அவர், தலை நிமிராமல். மனைவி இறந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. காற்புள்ளியும் கேட்டதில்லை.

அதை நினைத்து நிற்க நேரம் இல்லை. "அக்கா, அந்தப் பக்கத்த சத்தமாப் படிங்க, நாங்களும் கேக்குறோம்ல!" என்றார் பைண்டர்.

அவள் கிளறிக்கொண்டே படித்தாள். "மணி அடித்தாயிற்று. மாமியார் வாசலில் நிற்கிறார். கதவைத் திறக்க வீட்டுக்காரரை அனுப்புங்கள், அவருடைய அம்மாதானே. 'என்னடா இப்படி இளைச்சுட்டே' என்று அவர் மகனைத் தடவிப் பார்த்து முடிப்பதற்குள் வெங்காயம் வதங்கிவிடும். மகன் எவ்வளவு குண்டோ அவ்வளவு நேரம் ஆகும்." பைண்டர் தன் தொப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ எங்க வீட்ல வெங்காயம் கருகிடும்" என்றார். அறை அதிர்ந்தது. "முட்டை உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள். திறந்து திறந்து பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சண்டையா அது, எட்டிப் பார்க்க?" மெஷின்காரர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார். "இன்னொண்ணுக்கா, இன்னொண்ணு!" காற்புள்ளி பக்கத்தைப் புரட்டினாள். ரொட்டி படித்தாள். சூப்பு படித்தாள். பக்கம் கட்டுகிற பெண் மேலதிகாரி வரியை முதலாளி காதில் விழாதபடி படிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். என்ன கொண்டாட்டம்! காற்புள்ளியின் வாழ்நாளில் இத்தனை பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

வாசனை வந்தது. பொன்னிறத்தின் வாசனை அல்ல.

மூடியைத் திறந்தபோது புகை வந்தது. அடி முழுக்கக் கரி. முட்டைகள் ரப்பராகியிருந்தன.

பக்கத்து அடுப்பில் முதலாளி பாத்திரத்தை இறக்கினார். கிழங்கு உடையாமல் வெந்திருந்தது. முட்டையின் மஞ்சள் கரு கண் மாதிரி பளபளத்தது. ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார். "சார், கடையில வாங்கின மாதிரியே இருக்கு!" என்றாள் பக்கம் கட்டுகிற பெண். பொய் இல்லை. காற்புள்ளியும் ஒரு வாய் சாப்பிட்டாள். அவள் வாழ்க்கையில் சாப்பிட்ட மிக நல்ல உருளைக்கிழங்கு அது.

"தோத்துட்டேன் சார்" என்றாள். "தொண்ணூத்தாறு பக்கமே போகட்டும்."

முதலாளி தலையாட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றேகால். தன் தட்டை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்தார். அவர் வழக்கமாகச் சாப்பிடும் இடம் அது, தனியாகத்தான் சாப்பிடுவார்.

மற்றவர்கள் யாரும் கலையவில்லை. கருகிய பாத்திரத்தைச் சுற்றியே நின்றார்கள். பைண்டர் கரண்டியால் அடியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, தீஞ்சு போனா என்ன பண்றதுன்னு அந்தம்மா எதாவது எழுதிருக்காங்களா?" என்றார்.

எழுதியிருந்தார். கடைசிக்கு முந்தின பக்கம். குறிப்பு எதுவும் இல்லாத பக்கம் என்று காற்புள்ளி தன் கையாலேயே மூலைக்கு மூலை கோடு இழுத்த பக்கம். அவளுக்குப் படிக்க மனமில்லை. ஆனாலும் கேட்கிறார்களே என்று, சிவப்புக் கோட்டுக்கு அடியில் தெரிந்ததைப் படித்தாள்.

"அடிப்பிடித்துவிட்டதா? வாழ்த்துகள். உங்கள் வீட்டில் ஏதோ சுவாரசியமாக நடந்திருக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள், அல்லது யாரோ எதையோ சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். மேலாக எடுத்துப் பரிமாறுங்கள். என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பரிமாறுங்கள்."

இந்தத் தடவை யாரும் உடனே சிரிக்கவில்லை. சன்னலோரத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. முதலாளி தட்டோடு எழுந்து வந்தார். வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று, அந்தப் பக்கத்தைத் தானே ஒரு முறை படித்தார். உதடு அசைந்தது.

"ஆறு வருஷத்துல என் வீட்ல ஒரு நாள்கூட அடிப்பிடிச்சதில்லம்மா" என்றார்.

காற்புள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அவர் அவள் காதோரம் சொருகியிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினார். தவறுதலாக அடித்துவிட்டதைத் திரும்பச் சேர்க்க அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அடித்த சொற்களுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். முதலாளி கருகிய பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே தாளைப் பரப்பிவைத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். வாழ்த்துகளுக்குக் கீழே. சுவாரசியத்துக்குக் கீழே. மாமியாருக்கும் மகனுக்கும் கீழே. 'மேலதிகாரியை நினைத்துக்கொள்ளுங்கள்' என்ற இடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பக்கம் கட்டுகிற பெண் தரையைப் பார்த்தாள். அப்போதுதான் அது வந்தது. முதலில் இருமல் மாதிரி, பிறகு தோள் குலுங்க, தட்டில் இருந்த அந்த அழகான முட்டை சரிந்து விழ விழ, அவர் சிரித்தார்.

"இருக்கட்டும்" என்று எழுதிவிட்டுத் தட்டைக் காற்புள்ளியிடம் நீட்டினார். "அந்தத் தீஞ்சதுல எனக்கும் கொஞ்சம் வைங்க. வச்சிட்டு அடுத்த பக்கத்தப் படிங்க."