மூன்று நகவெட்டிகள்

அந்த வீட்டில் ஆளுக்கொரு நகவெட்டி. அப்பாவுடையதில் கறுப்பு நூல், அம்மாவுடையதில் சிவப்பு நூல், மகனுடையதில் நூல் கிடையாது. ஒருவருடையதை இன்னொருவர் தொட்டுவிட்டால் போச்சு, வீடு ரெண்டாகிவிடும். நகவெட்டி மட்டுமா? துண்டு, சீப்பு, தட்டு, தண்ணீர்க் குவளை எல்லாமே தனித்தனி. சுத்தத்தில் இப்படி ஒரு ஜோடி உண்டா என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள். சுத்தமாவது மண்ணாவது!

அம்மாவுக்குத் தையல் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துணிக் கம்பெனியில் இருந்தபோது ரத்த தானம் செய்யப் போனாள். எடுத்த ரத்தத்தை வேண்டாம் என்று சொல்லி, தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மஞ்சள் காமாலைக் கிருமி, பி வகை, கல்லீரலில் குடியிருக்கிறது என்றார்கள். பிறக்கும்போதே அவளைப் பெற்றவளிடமிருந்து ஒட்டியிருக்கும், ரத்தத்தால் பரவும், படுக்கையால் பரவும், ஜாக்கிரதை என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் பெற்றவள் அவள் வாயைப் பொத்தினாள். "வெளியில மூச்சு விட்டே, உனக்குக் கல்யாணமே நடக்காது."

அவள் மூச்சு விடவில்லை. கட்டிக்கொண்ட மெக்கானிக்கிடமும் விடவில்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று தொண்டை வரை வரும், மென்று முழுங்கிவிடுவாள். ஊசி விரலில் ஏறிவிட்டால் ரத்தம் பட்ட துணியைச் சுருட்டி ஒளித்துவிட்டு, எட்டிப் பார்க்க வந்த புருஷனை விரட்டுவாள். "ஒண்ணுமில்ல, போய் உங்க வேலையைப் பாருங்க."

அந்த மனுஷனும் லேசுப்பட்டவர் இல்லை. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருவார். இவள் பதறிக்கொண்டு துணியோடு ஓடினால், "கிட்ட வராதே!" என்று ஒரு கத்தல். கொல்லைக் குழாயடியில் தனியாக நின்று, பல்லால் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வார். தன் கை பட்டாலே இந்த ஆளுக்கு ஆகவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். மகன் பிறந்த பிறகு குறட்டையைச் சாக்காகச் சொல்லி அவர் கூடத்தில் படுக்கப் போனபோது, அப்பாடா என்றும் இருந்தது, அழுகையும் வந்தது.

மகன் பிறந்த அன்று ஒன்று நடந்தது. நர்ஸ் வந்து, "வீட்டுல யாருக்காவது மஞ்சக்காமாலை இருந்திருக்கா? இருந்தா சொல்லுங்க, குழந்தைக்கு இன்னைக்கே ஊசி போடணும்" என்று கேட்டாள். கட்டிலில் கிடந்த இவளும் வாசலில் நின்ற அவரும் ஒரே குரலில் "இல்ல" என்றார்கள். நர்ஸ் சிரித்துவிட்டாள். "பரவால்லியே, நல்ல ஒத்துமை!"

அந்த மகன் வளர்ந்து, லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போய், விரும்பிய பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு இது நிறைமாதம். அவள் வயிறு மேடு தட்டிக்கொண்டு வந்த அதே சமயத்தில் அவன் வயிறும் வீங்கியது. "பாத்தியா, நானும் முழுகாம இருக்கேன்" என்று பெண்டாட்டியிடம் கேலி பேசிக்கொண்டிருந்தான் பாவி. ஸ்கேன் எடுத்த பிறகு கேலி நின்றுபோனது. கல்லீரலில் கட்டி. காரணம் பி வகைக் கிருமி. பெண்டாட்டியிடம், "வெளியில கண்ட தண்ணியைக் குடிச்சதால வந்த காமாலை" என்று சொல்லி வைத்தான்.

ஆஸ்பத்திரியில் கிருமிகளை ஆராயும் டாக்டரம்மா ஒருத்தி, அவன் கிருமி விசித்திரமாக இருக்கிறது, பெற்றவர்கள் ரத்தமும் வேண்டும் என்றாள். இருவரும் கையை நீட்டினார்கள். முடிவு வருவதற்குள் புருஷனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தையல்காரி தவித்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறமாம் அப்புறம்!

முடிவு வந்த அன்று மூன்று பேரும் டாக்டரம்மாவின் சின்ன அறையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மருமகளைக் கால் வீக்கம் என்று சொல்லி வீட்டிலேயே விட்டிருந்தார்கள்.

"அம்மாவோட ரத்தத்துல ஒரு இனம் இருக்கு, அப்பாவோட ரத்தத்துல வேற ஒரு இனம். உங்க பையனுக்கு இருக்கிறது ரெண்டும் இல்ல, ரெண்டும் கலந்தது. நீங்க தைக்கிறவங்கதானே? ரெண்டு துணியை வெட்டி ஒண்ணா மூட்டின மாதிரி. பாதி உங்களோடது, பாதி அவரோடது. ரெண்டு கிருமியும் ஒரே உடம்புல சந்திச்சாத்தான் இப்படி ஆகும்."

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"உங்களுக்குமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி வெளிநாட்டு வேலைக்குப் போகப் பாத்தேன். ரத்தத்தைப் பாத்துட்டு வேணாம்னுட்டான்." அவர் தலை நிமிரவில்லை. "உனக்கு ஒட்டிடக் கூடாதேன்னுதான் கிட்ட வராதேன்னு கத்தினேன். நீ என்னன்னா உன் துண்டைக்கூடத் தொட விடல. என்னைக் கண்டாலே அருவருப்பு போலன்னு இருந்துட்டேன்."

அத்தனை வருஷமும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று ஒருவரை ஒருவர் பட்டினி போட்டிருக்கிறார்கள். கிருமிகளோ, இவர்கள் எட்டி எட்டிப் படுத்த வீட்டிலேயே ஒன்றாகக் கலந்து, பிள்ளையின் உடம்பில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. என்னத்தைச் சொல்ல!

மகன்தான் பேசினான். "பொறந்த அன்னைக்கே ஊசி போட்டிருந்தா எனக்கு வந்திருக்காதா?"

"பெரும்பாலும் வந்திருக்காது" என்றாள் டாக்டரம்மா. பிறகு, "உங்க மனைவியை உடனே கூட்டிட்டு வாங்க. சோதனை பண்ணணும். குழந்தை பொறந்த அன்னைக்கே ஊசியும் போட்டாகணும்" என்றாள். மகன் தலையை ஆட்டினான்.

ஒரே குரலில் சொன்ன அந்த "இல்ல" தையல்காரியின் காதில் ஒலித்தது. ரெண்டு பேரில் ஒருவர், யாராவது ஒரே ஒருவர், வாயைத் திறந்திருந்தால் போதும்.

வெளியே வந்ததும் மகன் நின்றான். "அவகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. இந்த நேரத்துல தாங்க மாட்டா. என்னை விட்டுட்டுப் போயிடுவா. குழந்தை பொறக்கட்டும், நானே சொல்லிக்கிறேன்." மெக்கானிக் சரி என்று முனகினார். தையல்காரி முன்னால் நடந்தாள்.

வீட்டில் மருமகள் வீங்கிய காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

"மாத்திரை மாத்தியிருக்காங்க" என்றான் மகன்.

அவள் சிரித்தபடி குனிந்து, அலமாரியில் கிடந்த நூல் கட்டாத நகவெட்டியை எடுத்தாள். "என்னுதைக் காணோம்பா, உன்னுதை எடுத்துக்கிறேன்."

"தொடாதே!" மகன் போட்ட கத்தலில் அவள் கையிலிருந்தது தெறித்து விழுந்தது. "எத்தனை தடவை சொல்றது? என் சாமானை யாராவது தொட்டா எனக்குப் பிடிக்காது!"

மருமகளின் முகம் செத்துவிட்டது. அந்த முகம் தையல்காரிக்குத் தெரியும். குழாயடியைப் பார்த்தபடி, கையில் துணியோடு, அவளே எத்தனையோ முறை அந்த முகத்தோடு நின்றிருக்கிறாள்.

அவள் போய் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, வேணாம்" என்றான் மகன்.

"நீ சும்மா இருடா!" என்று சீறினாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். காமாலை தண்ணீரில் வந்ததல்ல, ரத்தத்தில் வந்தது. எனக்கு இருக்கிறது, மாமாவுக்கும் இருக்கிறது, இவனுக்கு ரெண்டும் சேர்ந்து இருக்கிறது. உனக்கும் வந்திருக்கலாம், சோதித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்த அன்றே ஊசி போட வேண்டும், மறந்தும் தள்ளிப் போடக் கூடாது.

மருமகள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"எனக்கு இருக்கிறது தெரியும்."

"அவருக்கு?"

"தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்மா. சோதிச்சுப் பாக்கவே இல்ல."

மருமகள் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். எழுந்து பையை எடுத்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"நானும் வரேன்" என்று தையல்காரி எழுந்தாள்.

"வேணாம். நீங்க வராதீங்க." வாசல் வரை போனவள், திரும்பி மகனைப் பார்த்தாள். "நீ வா. வழியில ஒரு பொய் சொன்னே, அங்கேயே இறங்கிடுவேன்."

வயிறு வீங்கிய அந்த ரெண்டு பேரும் படியில் மெல்ல இறங்கிப் போனார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை.

மெக்கானிக் குனிந்து நகவெட்டியைப் பொறுக்கி அலமாரியில் வைத்தார். பிறகு வந்து பெண்டாட்டியின் பக்கத்தில், தோள் படும்படி ஒட்டி உட்கார்ந்தார். இனி ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன. அவள் விலகவில்லை.